ஆறின கஞ்சி பழங்கஞ்சி: அணுமின் நிலையத்தின் கம்பியில்லா சென்சார் வலையில் தகவலைத் தவறாமல் கொண்டுசேர்க்க ஒரு முழு வழிகாட்டி

1979 மார்ச் 28, அதிகாலை 4 மணி. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தின் இரண்டாம் அலகு. கோளாறு தொடங்கிய முதல் சில நிமிடங்களிலேயே நூற்றுக்கும் மேற்பட்ட அலாரங்கள் அடித்தன. அவற்றை வரிசைப்படி அச்சடித்துத் தர கட்டுப்பாட்டு அறையில் ஒரு பிரிண்டர் இருந்தது. அலாரங்கள் கொட்டிய வேகத்துக்கு அதனால் ஈடுகொடுக்க முடியவில்லை. ஒரு கட்டத்தில் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் பின்தங்கிவிட்டது. ஆறு மணிக்கு உலையோடு போராடிக்கொண்டிருந்தவர் கையில் நாலு மணிச் செய்தி.

இத்தனைக்கும் அது முழுக்க முழுக்கக் கம்பியில் வந்த தகவல். ரேடியோ, குறுக்கீடு, பேட்டரி என்ற பேச்சே இல்லை. அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன். கம்பியில்லா சென்சார் வலை என்றதும் எல்லோரும் "பாக்கெட் (ரேடியோவில் ஒரே தடவையில் போகும் சின்னத் தகவல் பொட்டலம்) வந்து சேருமா?" என்று மட்டும் கேட்கிறார்கள். கேட்க வேண்டியது மூன்று கேள்விகள். வந்ததா? கெடுவுக்குள் வந்ததா? வராவிட்டால், வரவில்லை என்பது யாருக்காவது தெரிந்ததா? மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாத வலையை 99.99 சதவீதம் என்று விளம்பரம் செய்தாலும் நான் நம்ப மாட்டேன். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த மூன்றாவது கேள்வியைச் சுற்றித்தான் வரும்.

படி 1: எதைக் காற்றில் விடலாம், எதை விடக்கூடாது

உலையை நிறுத்தும் சிக்னலைக் கம்பியில்லாமல் அனுப்பலாமா என்று கேட்டால், கூடாது. இதில் விவாதத்துக்கு இடமில்லை. அமெரிக்க அணு ஒழுங்குமுறை ஆணையமான என்ஆர்சி 2010இல் வெளியிட்ட 5.71 என்ற சைபர் பாதுகாப்பு வழிகாட்டி, பாதுகாப்பு சார்ந்த பணிகளுக்குக் கம்பியில்லாத் தொடர்பே வேண்டாம் என்கிறது. சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையமான ஐஇசி 2018இல் கொண்டுவந்த 62988 தரம், பாதுகாப்புக்கு முக்கியமான அமைப்புகளில் கம்பியில்லாக் கருவியைத் தேர்ந்தெடுப்பது, பயன்படுத்துவது பற்றி மட்டுமே பேசுகிறது. சர்வதேச அணுசக்தி முகமையும் 2020இல் இதற்கென்று தனி அறிக்கை போட்டது.

மிச்சம் என்ன இருக்கிறது என்றால், நிறைய இருக்கிறது. பம்ப், மோட்டார், விசிறி ஆகியவற்றின் பேரிங் வெப்பநிலை, அதிர்வு. கேபிள் இழுக்க முடியாத மூலையில் ஈரப்பதம். ஏற்கெனவே கம்பியில் அளக்கும் கதிர்வீச்சுக்குக் கூடுதல் காவலாக ஒரு அளவி. டெக்சாஸில் கமான்ச்சி பீக் நிலையம் இயந்திரங்களின் உடல்நிலையைக் கவனிக்க இந்த வழியில் முன்பே இறங்கியது. நம் பக்கம் கல்பாக்கத்தில், இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் நோடுகளை, அதாவது சென்சாரும் ரேடியோவும் சேர்ந்த சிறு பெட்டிகளை, தானே வடிவமைத்து, 1985 முதல் இயங்கும் சோதனை வேக ஈனுலை வளாகத்தில் கம்பியில்லா வலையைப் போட்டுப் பார்த்திருக்கிறது. சோடியம் ஓடும் உலை அது. காற்றுப் பட்டால் சோடியம் தீப்பிடிக்கும் என்பதால் குழாய் நெடுகக் கசிவு உணரிகள் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் கேபிள் என்றால் கேபிள் ட்ரே எவ்வளவு கனக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆக, முதல் படியில் ஒரு தாள் எடுத்துக்கொண்டு அளவுகளைப் பட்டியல் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே "இது இரண்டு மணி நேரம் வரவே இல்லை என்றால் யார், என்ன செய்வார்கள்?" என்று எழுதுங்கள். "உலையை நிறுத்த வேண்டியிருக்கும்" என்று பதில் வந்தால் அந்த அளவு கம்பிக்கே போகட்டும்.

படி 2: ஒவ்வொரு அளவுக்கும் ஒரு கெடு

ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். சென்சார் அளவும் அப்படித்தான். ஆனால் எல்லாக் கஞ்சியும் ஒரே நேரத்தில் ஆறுவதில்லை. பேரிங் வெப்பநிலை மெதுவாக ஏறும். நிமிடத்துக்கு ஒரு முறை அனுப்பி, மூன்று நிமிடம் வரை செல்லும் என்று வைக்கலாம். கதிர்வீச்சு அளவி பத்து விநாடிக்கு ஒரு முறை பேச வேண்டும், முப்பது விநாடியில் காலாவதி. அதிர்வு அலைவடிவம் ஒரு ஷிஃப்டுக்கு ஒரு முறை வந்தால் போதும், ஆனால் ஒரு துண்டு குறையாமல் முழுசாக வர வேண்டும்.

கெடு இல்லாத அளவுக்கு நம்பகத்தன்மையைக் கணக்குப் போடவே முடியாது. இங்கே ஒரு கண்ணியும் இருக்கிறது. பேட்டரி மிச்சம் பிடிக்க, "மாற்றம் இருந்தால் மட்டும் அனுப்பு" என்று நோடில் எழுதிவிடுவார்கள். கேட்கப் புத்திசாலித்தனமாகத்தான் இருக்கிறது. ஆனால் நோடு மௌனமாக இருந்தால் எல்லாம் சரி என்று அர்த்தமா, நோடு செத்துவிட்டது என்று அர்த்தமா? மாற்றம் இருந்தால்தான் அனுப்புவேன் என்றாலும் கெடுவுக்கு ஒரு முறையாவது "உயிரோடு இருக்கிறேன்" என்று சொல்லியே ஆக வேண்டும்.

படி 3: கையில் ஆன்டெனாவோடு நடங்கள்

வரைபடத்தைப் பார்த்து நோடு வைக்கும் பழக்கத்தை விடுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர். பம்ப் அறை என்பது இரும்புக் குழாய், இரும்புத் தட்டு, இரும்புக் கதவு நிறைந்த பெட்டி. அலை பத்துத் திசையில் தெறித்து வந்து சேரும்போது ஒரு புள்ளியில் கூடும், சில சென்டிமீட்டர் தள்ளி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். குழாய்த் தாங்கியில் ஆன்டெனாவை ஒரு சாண் நகர்த்தியதும் செத்துக் கிடந்த இணைப்பு எழுந்து உட்கார்வதைப் பார்த்திருக்கிறேன். எனவே ஒவ்வொரு இடத்திலும் ஆன்டெனாவை நாலைந்து நிலைகளில் வைத்து, ஒவ்வொரு நிலையிலும் ஆயிரம் பாக்கெட்டாவது அனுப்பி எண்ணுங்கள். சிக்னல் பலத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பலம் நன்றாக இருந்தும் பிரதிபலிப்பால் பாக்கெட் கெடுவது சகஜம்.

மோட்டாரும் இன்வெர்ட்டர் டிரைவும் கிளப்பும் மின் இரைச்சலைப் பற்றித்தான் புதிதாக வருபவர்கள் அதிகம் பயப்படுகிறார்கள். அது பெரும்பாலும் கீழ் அலைவரிசைகளோடு நின்றுவிடும். 2.4இல் உண்மையான எதிரிகள் வைஃபை, உலோகப் பிரதிபலிப்பு, அப்புறம் மனிதர்கள். பராமரிப்புக்காக நிலையத்தை நிறுத்தியதும் சாரம் கட்டுவார்கள். நேற்று வரை திறந்த வெளியாக இருந்த இடத்தில் இன்று இரும்புக் குழாய்க் காடு நிற்கும். கதவுகளை மூடியும் திறந்தும், கிரேனை இரு பக்கமும் நிறுத்தியும், சாரம் இருக்கும்போதும் இல்லாதபோதும் அளந்து வையுங்கள்.

உலையைச் சூழ்ந்து நிற்கும் காப்புக் கட்டடத்தின் சுவரை அலை துளைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கம்பி நிறைந்த, மீட்டர் கணக்கில் தடித்த கான்கிரீட் அது. உள்ளே ஒரு கேட்வே (நோடுகள் அனுப்புவதை எல்லாம் வாங்கி நிலையத்தின் வலைக்குக் கொடுக்கும் பெட்டி) வைத்து, ஏற்கெனவே இருக்கும் கேபிள் ஊடுவழியில் உதிரியாகக் கிடக்கும் ஃபைபரில் வெளியே கொண்டுவருவதுதான் நடைமுறை. நீண்ட சுரங்கப் பாதைகளில், சுரங்க ரயில்களில் செய்வதுபோல, உடல் முழுக்க ரேடியோ அலையைக் கசியவிடும் கோஆக்சியல் கேபிளை ஓட்டலாம்.

நம் ரேடியோ மற்றவர்களைத் தொந்தரவு செய்யாமல் இருப்பதும் இந்தப் படியில்தான் தீர்மானமாகிறது. பழைய அளவுக் கருவிகள் பக்கத்தில் வாக்கிடாக்கியை அமுக்கினால் முள் துள்ளும் கதை எல்லா நிலையங்களிலும் உண்டு. என்ஆர்சியின் 1.180 வழிகாட்டி, கருவி இருக்கும் இடத்தில் அலையின் புலவலிமை மீட்டருக்கு 4 வோல்ட்டைத் தாண்டாத தூரத்தில் ரேடியோவை நிறுத்தச் சொல்கிறது. கணக்கு எளிது. வாட்டில் திறன், ஆன்டெனாவின் பெருக்கம், 30 மூன்றையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 4ஆல் வகுத்தால் மீட்டரில் தூரம். பெருக்கம் 1 என்று வைத்துக்கொண்டால் 5 வாட் வாக்கிடாக்கிக்குச் சுமார் 3 மீட்டர். 10 மில்லிவாட் நோடுக்கு, பெருக்கம் 1.64 உள்ள சாதாரண இருமுனை ஆன்டெனாவோடு, சுமார் 18 சென்டிமீட்டர். வாக்கிடாக்கிக்கு அனுமதி உள்ள அறையில் நோடு வைக்க வாதாட இந்த இரண்டு எண்களே போதும். இருந்தாலும் கருவிக் கேபினட்டின் கதவு திறந்திருக்கும்போது கேடயம் இல்லை என்பதை மறந்துவிடாதீர்கள்.

படி 4: நேரம் பிரித்து, சேனல் தாவி

இந்த வேலைக்குப் பயன்படும் ரேடியோக்களில் பெரும்பாலானவை ஐஇஇஇ 802.15.4 குடும்பம். விநாடிக்கு 250 கிலோபிட், ஒரு பாக்கெட்டுக்கு அதிகபட்சம் 127 பைட், 2.4இல் 11 முதல் 26 வரை எண்ணிட்ட 16 சேனல்கள். இதன் மேல் கட்டிய தொழிற்சாலைத் தரங்கள் இரண்டு: 2007இல் வந்து 2010இல் ஐஇசி 62591 ஆன வயர்லெஸ்ஹார்ட், 2009இல் வந்த ஐஎஸ்ஏ 100.11ஏ. "காற்று காலியாக இருக்கிறதா என்று கேட்டுவிட்டு அனுப்பு" என்ற பழைய முறையை மட்டும் நம்பும் மலிவான மாட்யூல்களை வீட்டுக்கு வாங்குங்கள், நிலையத்துக்கு வேண்டாம். பரபரப்பான நேரத்தில் எல்லா நோடும் ஒரே சமயத்தில் வாய் திறக்கும். த்ரீ மைல் ஐலண்ட் பிரிண்டர் கதைதான்.

நேரத்தை 10 மில்லிவிநாடி ஸ்லாட்டுகளாக வெட்டி, யார் எந்த ஸ்லாட்டில் பேசுவது என்று முன்கூட்டியே அட்டவணை போடுவதுதான் சரியான வழி. ஒவ்வொரு ஸ்லாட்டிலும் சேனல் மாறும்: தொடங்கியதிலிருந்து ஓடிவரும் ஸ்லாட் எண்ணோடு அந்த இணைப்பின் நகர்வு எண்ணைக் கூட்டி, சேனல் எண்ணிக்கையால் வகுத்தால் வரும் மீதி, சேனல் பட்டியலில் அடுத்தது எது என்று காட்டும். ஒரு முயற்சி வைஃபையில் சிக்கினாலும் அடுத்தது வேறு சேனலில் போகும். நிலையத்தில் வைஃபை அதன் 1, 6, 11 சேனல்களில் ஓடுகிறது என்றால் நம் பக்கம் 15, 20, 25, 26 ஆகியவை ஓரளவு ஒதுங்கி நிற்கும் சேனல்கள். வயர்லெஸ்ஹார்ட்டில் 26 கிடையாது. 11 முதல் 25 வரைதான். அதற்காக மற்ற எல்லாவற்றையும் தடைப் பட்டியலில் போட்டுவிட்டு மூன்றே மூன்றில் தாவினால், தாவுவதன் பலன் போய்விடும்.

அட்டவணை என்றால் கடிகாரம் ஒத்துப்போக வேண்டும். நோடின் கடிகாரத்தை ஓட்டும் கிறிஸ்டல் ஒன்று பத்து லட்சத்தில் 10 பங்கு வேகமாகவும் இன்னொன்று 10 பங்கு மெதுவாகவும் ஓடினால், 50 விநாடியில் இரண்டுக்கும் இடையே ஒரு மில்லிவிநாடி விலகிவிடும். ஸ்லாட்டின் காப்பு இடைவெளி கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதனால் அரை நிமிடத்துக்கு ஒரு முறையாவது நோடு தன் பெற்றோர் நோடோடு (தன் பாக்கெட்டை வாங்கி கேட்வே பக்கம் தள்ளிவிடும் பக்கத்து நோடு) கடிகாரத்தைச் சரிபார்க்க வேண்டும். வெக்கையான அறையில் கிறிஸ்டல் கூடுதலாக விலகும். அங்கே இன்னும் அடிக்கடி.

படி 5: தாவலுக்குத் தாவல் ஒப்புகை

பதிவுத் தபாலில் பின்னால் ஒட்டி அனுப்பும் ஒப்புகை அட்டை தெரியும் அல்லவா? அதுபோலத்தான். ஒப்புகை கேட்காமல் அனுப்பும் பாக்கெட் கிணற்றில் போட்ட கல். ஒப்புகையை எங்கே வாங்குவது என்பதுதான் கேள்வி. கேட்வே வரைக்கும் போய் அங்கிருந்து மட்டும் வாங்குவதா, ஒவ்வொரு தாவலிலும், அதாவது பாக்கெட் ஒரு நோடிலிருந்து அடுத்த நோடுக்குப் போகும் ஒவ்வொரு முறையும், வாங்குவதா?

ஒரு தாவலில் பத்துக்கு ஒன்பது பாக்கெட் போய்ச் சேருகிறது என்று வையுங்கள். மோசமான இணைப்பு அல்ல. மறு முயற்சி இல்லாமல் நாலு தாவல் போனால் 0.9ஐ நாலு முறை பெருக்க வேண்டும்: 0.656. மூன்றில் ஒரு பங்கு வழியிலேயே காலி. தாவலுக்கு மூன்று முயற்சி கொடுத்தால் ஒரு தாவலின் வெற்றி 0.999, நாலு தாவலுக்கு 0.996. நிமிடத்துக்கு ஒன்று வீதம் ஒரு நாளில் 1,440 அளவுகள். அதில் ஆறு போகும். நாலு முயற்சி என்றால் 0.9996, இரண்டு நாளில் ஒன்றுதான் போகும். ஒரே ஒரு கூடுதல் ஸ்லாட்டுக்கு இவ்வளவு லாபம். நாலு தாவலுக்கு நாலு முயற்சி, மொத்தம் 16 ஸ்லாட். அடுத்தடுத்து வைத்தால் 160 மில்லிவிநாடி. படி 2இல் போட்ட கெடுவுக்கு இது தூசு.

இந்தக் கணக்கில் ஒரு பொய் ஒளிந்திருக்கிறது. நாலு முயற்சியும் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாமல் தோற்கும் என்று எடுத்துக்கொண்டோம். நிஜத்தில் தோல்விகள் கும்பலாக வரும். யாரோ இரும்புக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தால் அந்த ஐந்து நிமிடமும் அந்த இணைப்பு இல்லை. நாலு முயற்சி என்ன, நாற்பது போட்டாலும் பயனில்லை. அதற்குத்தான் அடுத்த படி.

படி 6: நிஜமாகவே இரண்டு வழி

ஒவ்வொரு நோடுக்கும் குறைந்தது இரண்டு பெற்றோர் வேண்டும். மூன்று இருந்தால் நிம்மதி. முதல் இரண்டு முயற்சி ஒருவருக்கு, அடுத்த இரண்டு மற்றவருக்கு என்று அட்டவணையிலேயே எழுதிவிடுங்கள். வழி உடைந்தபின் புது வழி தேடிக்கொண்டிருக்க நேரம் இல்லை.

இரண்டு வழி என்று திரையில் இரண்டு கோடு தெரிந்தால் ஏமாந்துவிடாதீர்கள். இரண்டு பெற்றோரும் ஒரே கதவுக்குப் பின்னால் இருக்கிறார்களா? இரண்டு கேட்வேயும் ஒரே மின் பலகையிலிருந்து கரண்ட் வாங்குகின்றனவா? இரண்டு ஃபைபரும் ஒரே கேபிள் ட்ரேயில் போகின்றனவா? அணுமின் நிலையக்காரர்களுக்கு இது பழகிய சிந்தனை. பாதுகாப்பு அமைப்புகளைத் தனித்தனி பிரிவுகளாகத்தான் கட்டுகிறார்கள். ரேடியோ வலைக்கும் அதே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாருங்கள். வலைக்கு நேரம் கொடுக்கும் கடிகாரம் ஒன்றே ஒன்று என்றால், அது நின்ற கொஞ்ச நேரத்தில் எல்லா வழியும் சேர்ந்து போகும்.

படி 7: வரிசை எண், நேர முத்திரை, நோடிலேயே ஒரு பிரதி

தாவல் ஒப்புகை என்பது "அடுத்த நோடின் ரேடியோவுக்குக் கிடைத்தது" என்பதற்கு மட்டும் அத்தாட்சி. வாங்கிய நோடு அடுத்த நொடி ரீசெட் ஆனால் பாக்கெட் போயிற்று; அனுப்பியவருக்கோ ஒப்புகை கையில் இருக்கிறது. எனவே முனையிலிருந்து முனைக்கு இன்னொரு கணக்கு வேண்டும். அளந்த இடத்திலேயே ஒவ்வொரு அளவுக்கும் வரிசை எண், அளந்த நேரம். அளவு வந்து சேர்ந்த நேரத்தைக் கேட்வே தனியாகக் குறித்துக்கொள்ளட்டும். வரிசையில் ஓட்டை விழுந்தால் கேட்வே கேட்டு வாங்க வேண்டும். அதற்காக நோடு கடைசி சில மணி நேர அளவுகளை மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில் சுழற்சியாக வைத்திருக்க வேண்டும். ஒப்புகை தொலைந்தால் ஒரே அளவு இரண்டு முறை வரும். நோடு எண்ணும் வரிசை எண்ணும் ஒன்றாக இருந்தால் ஒன்றைத் தள்ளிவிடலாம்.

அந்தத் தள்ளிவிடும் விதியில்தான் நான் ஒரு முறை கையைச் சுட்டுக்கொண்டேன். அணுமின் நிலையம் அல்ல, வேறோர் ஆலை. ஒரு தண்ணீர் பம்பின் பேரிங் வெப்பநிலை காலையிலிருந்து மாலை வரை 61 டிகிரி என்று ஆடாமல் நின்றது. நல்ல பம்ப் என்று நினைத்துக்கொண்டோம். சாயங்காலம் ஒரு டெக்னீஷியன் வழியில் போகிற போக்கில் கையடக்கத் தெர்மாமீட்டரைக் காட்டிவிட்டு வந்து, "சார், அங்க 74 காட்டுது" என்றார். நோடு காலையில் ஒரு முறை ரீசெட் ஆகியிருந்தது. வரிசை எண் மறுபடி 1இலிருந்து. என் கேட்வே நிரலில் "கடைசியாகப் பார்த்த எண்ணைவிடச் சிறியது பழைய பிரதி, தள்ளு" என்று எழுதியிருந்தேன். கடைசி எண் 48,213. நிமிடத்துக்கு ஒன்று வீதம் அந்த எண்ணை எட்ட 33 நாள் ஆகியிருக்கும். அதுவரை புத்தம் புது அளவுகளை எல்லாம் பழசு என்று குப்பையில் போட்டுக்கொண்டே இருந்திருப்பேன். ரேடியோ இணைப்பு அறிக்கையிலோ நூற்றுக்கு நூறு.

மருந்து சின்னதுதான். வரிசை எண்ணோடு, எத்தனையாவது முறை எழுந்தது என்ற எண்ணும் போக வேண்டும். நோடு எழும் ஒவ்வொரு முறையும் அது ஒன்று கூடும், அழியாத நினைவகத்தில் இருக்கும். 16 பிட் வரிசை எண் என்றால் நிமிடத்துக்கு ஒன்று வீதம் 45 நாளில் சுற்றி வந்துவிடும், அதையும் ஒப்பிடும் விதியில் பார்த்துக்கொள்ளுங்கள். தள்ளிய பிரதிகளை எண்ணி, ஒரு நோடிலிருந்து வருவதெல்லாம் தள்ளப்படுகிறது என்றால் அலாரம் அடியுங்கள்.

படி 8: அதிர்வு அலைவடிவம் வேறு சாதி

4,096 மாதிரி, ஒன்றுக்கு இரண்டு பைட்: 8,192 பைட். முகவரித் தலைப்பும் மறைகுறியாக்கப் பூட்டும் போக ஒரு பாக்கெட்டில் 80 பைட் மிச்சம் என்றால் 103 துண்டுகள். ஒவ்வொரு துண்டுக்கும் கேட்வேயிலிருந்து ஒப்புகை வாங்கினால் வலை அதிலேயே மூச்சு முட்டும். துண்டுகளை எல்லாம் அனுப்பிவிட்டு, "எது எது வரவில்லை?" என்று கேளுங்கள். துண்டுக்கு ஒரு பிட் வீதம் 103 பிட், அதாவது 13 பைட். வந்தது, வராதது எல்லாம் ஒரே பாக்கெட்டில் பதிலாக வந்துவிடும். வராததை மட்டும் மறுபடி அனுப்புங்கள். இந்தத் தொகுதி போய்க்கொண்டிருக்கும்போது ஒரு அலாரம் வந்தால் அது வரிசையில் முன்னால் போக வேண்டும். பாக்கெட்டுகள் காத்திருக்கும் பஃபர் நிறைந்தால் எதைத் தூக்கி எறிவது என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். பெரும்பாலான நிரல்களில் கடைசியாக வந்ததுதான் எறியப்படுகிறது, அதுதான் பெரும்பாலும் அலாரமாக இருக்கும்.

படி 9: பூட்டும் ஒருவழிப் பாதையும்

802.15.4 பாக்கெட்டின் பிழை காட்டும் எண் 16 பிட். கன்னாபின்னாவென்று கெட்ட பாக்கெட்டுகளில் 65,536க்கு ஒன்று நல்லது போல நுழைந்துவிடும். ஏஇஎஸ்-128 பூட்டோடு வரும் 32 பிட் முத்திரை, திருடனை மட்டுமல்லாமல் இந்தப் பிழையையும் பிடிக்கும். அந்த முத்திரையை நோடிலிருந்து கேட்வே வரை ஒன்றாகவே போடுங்கள். நடுவில் ஏதோ ஒரு நோடின் நினைவகத்தில் ஒரு பிட் கவிழ்ந்தாலும் தெரிந்துவிடும். பழைய பாக்கெட்டைப் பதிவு செய்து திரும்ப விடும் தந்திரத்துக்கு எதிராகக் கவுன்ட்டர் இருக்க வேண்டும். நிறுவும்போது கொடுத்த பொதுச் சாவியை அன்றே மாற்றுங்கள்.

கேட்வேயைத் தாண்டியதும் கதை முடிந்துவிட்டதாக நினைப்பவர்கள் அதிகம். நிலையத்தின் உள் வலையிலிருந்து அலுவலக வலைக்குத் தகவல் போகும் இடத்தில் பெரும்பாலும் ஒரு டேட்டா டயோடு இருக்கும். ஒரு பக்கம் ஒளி உமிழும், மறுபக்கம் வாங்கும் மட்டும். திரும்பி வரப் பாதையே கிடையாது. திரும்பி வராது என்றால் ஒப்புகையும் வராது. இவ்வளவு பாடுபட்டுத் தாவலுக்குத் தாவல் ஒப்புகை வாங்கிக் கொண்டுவந்த தகவல், கடைசி ஒரு மீட்டரில் கிணற்றில் போட்ட கல் ஆகிறது. இங்கே ஒவ்வொரு பதிவையும் சில விநாடி இடைவெளியில் மூன்று முறை அனுப்புங்கள். அனுப்புவதற்கு எதுவும் இல்லாவிட்டாலும் விநாடிக்கு ஒரு துடிப்பு போகட்டும். துடிப்பு நின்றால் அந்தப் பக்கம் அலாரம். இரவில் ஒரு முறை அன்றைய முழுக் கோப்பையும் மறுபடி தள்ளிவிட்டால், விழுந்த ஓட்டைகள் காலைக்குள் அடைபடும். வரிசை எண் இருப்பதால் எதுவும் இரட்டிக்காது.

படி 10: பேட்டரியும் கதிர்வீச்சும்

லித்தியம் தையனைல் குளோரைடு பேட்டரி, பெரிய அளவு ஒன்று, 19 ஆம்பியர்-மணி. நோடு சராசரி 200 மைக்ரோஆம்பியர் எடுத்தால் 95,000 மணி நேரம், காகிதத்தில் பத்து வருடத்துக்கு மேல். இந்த வகை பேட்டரி வெகுநேரம் சும்மா இருந்தால் உள்ளே ஒரு படலம் படியும். அப்புறம் திடீரென்று ரேடியோ இழுக்கும்போது மின்னழுத்தம் ஒரு கணம் விழும், நோடு ரீசெட் ஆகும். என் 61 டிகிரிக்கும் இதுவே காரணம். பக்கத்தில் ஒரு கெபாசிட்டர் போட்டால் தீரும். பேட்டரியை அது சாகும்போது மாற்றாதீர்கள். எரிபொருள் மாற்ற நிலையத்தை நிறுத்தும்போதே, அடுத்த நிறுத்தம் வரை தாங்குமா என்று பார்த்து மாற்றுங்கள்.

கடையில் கிடைக்கும் மைக்ரோகன்ட்ரோலர்கள் சில பத்து கிரே (உள்வாங்கிய கதிர்வீச்சை அளக்கும் அலகு) முதல் சில நூறு கிரே வரை வாங்கியதும் தடுமாற ஆரம்பிக்கும், அதிலும் ஃபிளாஷ் நினைவகம் முதலில். மணிக்கு 10 மில்லிகிரே உள்ள இடத்தில் வருடத்துக்கு 88 கிரே சேர்ந்துவிடும். ஆகவே கதிர்வீச்சுப் பாதுகாப்புப் பிரிவிடம் அந்த அறையின் அளவை முதலில் கேளுங்கள். முடிந்தவரை சென்சார் மட்டும் உள்ளே, எலக்ட்ரானிக்ஸ் சுவரின் மறைவில், நடுவே சில மீட்டர் கேபிள். கம்பியே கூடாது என்று அடம் பிடிக்க வேண்டியதில்லை. நோடு உறைந்தால் எழுப்ப வாட்ச்டாக் கட்டாயம். எத்தனை முறை எழுப்பியது என்ற எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால், நோடு சாகப்போவதற்கு அதுவே முன்னறிவிப்பு.

படி 11: வேண்டுமென்றே உடைத்துப் பாருங்கள்

நிறுவியபின் குறைந்தது ஒரு மாதம் ஓடவிட்டு எண்ணுங்கள், அந்த மாதத்தில் ஒரு பராமரிப்பு வேலையாவது வர வேண்டும். அறிக்கையில் முதலில் சராசரியைப் பார்க்காதீர்கள். 30 நாளில் நிமிட அளவுகள் 43,200. 99.9 சதவீதம் என்றால் 43 வரவில்லை. அந்த 43ம் மாதம் முழுக்க அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறியிருந்தால் ஒன்றும் இல்லை. ஒரே சமயத்தில் அடுத்தடுத்துப் போயிருந்தால், 43 நிமிடம் அந்த பம்ப்புக்கு ஆள் இல்லை. சதவீதம் இரண்டுக்கும் ஒன்றே. ஒவ்வொரு நோடுக்கும் மிக நீண்ட இடைவெளி எவ்வளவு, எப்போது, ஏன் என்பதுதான் அறிக்கையின் முதல் பத்தியாக இருக்க வேண்டும்.

அப்புறம் உடைக்கும் வேலை. அதிகம் பேர் சார்ந்திருக்கும் நோடின் பேட்டரியைக் கழற்றுங்கள். ஒரு கேட்வேயை அணையுங்கள். கடிகார நோடை நிறுத்துங்கள். எல்லா நோடையும் ஒரே நொடியில் அலாரம் அனுப்ப வைத்து, கடைசி அலாரம் எப்போது வந்தது என்று பாருங்கள். ஒவ்வொரு முறையும் இரண்டு நேரங்களைக் குறியுங்கள்: தகவல் மறுபடி வர எவ்வளவு ஆயிற்று, வரவில்லை என்று திரையில் காட்ட எவ்வளவு ஆயிற்று. இரண்டாவது எண், படி 2இல் போட்ட காலாவதியைத் தாண்டினால் வலை தேர்ச்சி பெறவில்லை.

படி 12: திரை

2011 மார்ச்சில் ஃபுகுஷிமாவில் மின்சாரம் மொத்தமாகப் போனபோது, கார் பேட்டரிகளைக் கழற்றிக் கொண்டுவந்து அளவுக் கருவிகளுக்கு உயிர் கொடுத்தார்கள். முதல் உலையின் நீர்மட்டம் திரும்பத் தெரிந்தது. ஆனால் மட்டம் காட்டும் கருவியின் ஒப்பீட்டுக் குழாயில் இருந்த தண்ணீர் ஆவியாகிப் போயிருந்ததால் அது காட்டிய மட்டம் உண்மையைவிட அதிகம். தகவல் வந்து சேர்ந்தது. வந்த தகவல் தவறு. நம் வலை எவ்வளவு நன்றாக இருந்தாலும் சென்சார் சொல்லும் பொய்யையும் அது பத்திரமாகத்தான் கொண்டுசேர்க்கும். எனவே நோடு அனுப்பும் பாக்கெட்டில் அளவோடு அதன் தரமும் வரட்டும்: சென்சார் கம்பி அறுந்ததா, எல்லை தாண்டியதா, பேட்டரி தாழ்ந்ததா.

திரையில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அதன் வயதைப் போடுங்கள்: "61.4, 40 விநாடி முன்". அடுத்த அளவு வர வேண்டிய நேரம் தாண்டினால் எண் மங்கட்டும். காலாவதி ஆனால் எண்ணே மறைந்து அங்கே கோடு வரட்டும். கடைசி நல்ல அளவைத் திரையில் பிடித்து வைக்கும் வசதி பல மென்பொருள்களில் தானாகவே இயங்கிக்கொண்டிருக்கும். தேடிப் பிடித்து அணையுங்கள். ஆபரேட்டர்கள் முதல் வாரம் திட்டுவார்கள், "எப்பப் பாத்தாலும் கோடு கோடா வருது" என்று. அந்தக் கோடுகளின் பட்டியலை வாங்கிக்கொண்டு, ஆன்டெனாவையும் எடுத்துக்கொண்டு மறுபடி படி 3க்குப் போங்கள்.